நாற்காலியில் உட்கார்ந்தவரா, நடந்து போய்ப் பார்த்தவரா?

"அரசியலா? ஐயோ, அதெல்லாம் ஆம்பிளைங்க சமாச்சாரம்!" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் நுழைந்துகொண்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது அடுக்களைக்குள்ளேயே அரசியல் வந்து உட்கார்ந்திருக்கிறது! அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. மிக்ஸி மேல் சாய்த்து வைத்த செல்போனில் யாரோ ஒருவர் மத்திய பட்ஜெட்டைப் பிய்த்து உதறிக்கொண்டிருக்கிறார். கூடத்தில் மாமனார் இன்னொரு போனில் இன்னொருவர் பேச்சைக் கேட்கிறார். மாடியில் பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு மூன்றாவது ஆளைக் கேட்கிறான். ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காரும்போது மூன்று பேரும் மூன்று கட்சி! நடுவில் ரசம் பரிமாறுகிறவள் பாடு திண்டாட்டம்தான்.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

இதனால் "யூடியூபே வேண்டாம், போனைத் தூக்கிப் பரண் மேல் போடு" என்று சொல்ல நான் வரவில்லை. அதில் நல்லதும் நிறைய இருக்கிறது. எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு வழி எனக்குத் தெரிந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பேப்பரிலிருந்து போனுக்கு

முன்பெல்லாம் நமக்குச் செய்தி வருகிற வாசல்கள் எத்தனை? காலையில் பேப்பர், வேளாவேளைக்கு ரேடியோ. 1975 ஆகஸ்டில் சென்னைத் தூர்தர்ஷன் வந்தது. அது நெருக்கடி நிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, ரேடியோவும் டி.வி.யும் சர்க்கார் கையில். 1993-ல் சன் டி.வி. வந்தபிறகு தனியார் சேனல்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. 1995-ல் சுப்ரீம் கோர்ட், 'வானலை பொதுமக்கள் சொத்து' என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் ஒரு டி.வி. சேனல் தொடங்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டுமே! பணம் போட்டவர் மனம் கோணாமல்தானே அங்கே இருப்பவர்கள் பேசமுடியும்?

2005-ல் அமெரிக்காவில் யூடியூப் தொடங்கியது. மறு வருஷமே கூகுள் கம்பெனி அதை 165 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. நம் நாட்டில் 2016-க்குப் பிறகு நெட் கட்டணம் மளமளவென்று குறைந்தது. அவ்வளவுதான், ஒரு போனும் ஒரு முக்காலியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஊருக்கே பேசலாம் என்றாகிவிட்டது.

பெரிய டி.வி.யில் இருந்தவர்கள்கூட இங்கே வந்தார்கள். என்.டி.டி.வி.யின் இந்திச் சேனலில் பல வருஷம் பணியாற்றி, 2019-ல் மகசேசே விருது பெற்றவர் ரவீஷ் குமார். அந்தக் கம்பெனி அதானி குழுமத்தின் கைக்குப் போகிற சமயத்தில், 2022 நவம்பர் 30-ம் தேதி, அவர் ராஜினாமா செய்தார். இப்போது தம் சொந்த யூடியூப் சேனலில் பேசுகிறார். ஒரு கோடிப் பேருக்கு மேல் அதில் சந்தாதாரர்கள்!

சரி, ரவீஷ் குமார் ஏற்கெனவே பெயர் பெற்றவர். அவர் பேசினால் கேட்பார்கள். பெயரும் பணமும் இல்லாத, எழுதப் படிக்கக்கூட வாய்ப்பில்லாமல் வளர்ந்த பெண்கள் இதே வேலையைச் செய்ய முடியுமா?

முடியும். செய்துகொண்டிருக்கிறார்கள்.

பண்டேல்கண்ட் பெண்கள்

உத்தரப் பிரதேசத்தின் தெற்கு ஓரத்தில் பண்டேல்கண்ட் என்றொரு வறண்ட பிரதேசம். அங்கே சித்ரகூட் ஜில்லா, கர்வி என்கிற ஊர். 2002-ல் அங்கிருந்து 'கபர் லஹரியா' என்று ஒரு பத்திரிகை வர ஆரம்பித்தது. 'செய்தி அலைகள்' என்று அர்த்தம். எழுதியவர்கள், படம் எடுத்தவர்கள், பிரதிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர்கள் எல்லோருமே பெண்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். எழுதிய மொழி புத்தக இந்தி அல்ல. அந்த ஊர் ஜனங்கள் பேசுகிற புந்தேலி!

ஆரம்பித்தவர்களில் ஒருவர் கவிதா தேவி. அவருக்குக் கல்யாணம் ஆனது 12 வயதில். எழுத்து கற்றுக்கொண்டது அதற்கப்புறம். இன்று பத்திரிகை ஆசிரியர்களின் அகில இந்திய அமைப்பான எடிட்டர்ஸ் கில்டில் அங்கத்தினர். இந்தக் குழுவில் இன்னொருவர் மீரா தேவி. 14 வயதில் கல்யாணம். குடும்பம், குழந்தைகளோடு படித்து அரசியல் விஞ்ஞானத்தில் எம்.ஏ. வாங்கியவர்!

2004-ல் பெண் பத்திரிகையாளர்களுக்கான சமேலி தேவி ஜெயின் விருது இந்தக் குழுவுக்குக் கிடைத்தது. சில வருஷம் கழித்து ஒரு பெரிய மாற்றம். அச்சுப் பத்திரிகையை விட்டுவிட்டு, போனில் வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது என்று முடிவு செய்தார்கள்.

இதைப் படமாக எடுத்திருக்கிறார்கள். ரிண்டு தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' என்கிற ஆவணப்படம். 2021-ல் சன்டான்ஸ் பட விழாவில் பரிசு வாங்கி, 2022-ல் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. அதைப் பார்த்தபோது என் மனசில் தைத்த காட்சிகளைச் சொல்கிறேன்.

ஷியாம்கலி என்று ஒரு பெண். அவர் கையில் செல்போனைக் கொடுக்கிறார்கள். போனில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அவருக்கோ பயம்! மீரா தேவி பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார். கொஞ்ச நாளில் அதே ஷியாம்கலி போனைப் பிடித்துக்கொண்டு செய்தி எடுக்கப் போகிறார்.

சுனிதா பிரஜாபதி, சின்ன வயசில் கல்குவாரியில் வேலை செய்த பெண். வளர்ந்து செய்தியாளராகி, திருட்டுத்தனமாகக் கல் வெட்டுகிற இடத்துக்கே போய்க் கேள்வி கேட்கிறார். சுற்றிலும் ஆண்கள் கூட்டம். நடுவில் ஒற்றைப் பெண். குரல் நடுங்கவில்லை.

பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் வீட்டுக்கு மீரா தேவி போகிறார். அந்தப் பெண் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். அதோடு வீடு திரும்பிவிடவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், புகார் என்ன ஆயிற்று என்று அதிகாரியையே கேட்கிறார்.

வெளியே இவ்வளவு தைரியம். வீட்டிலே? மீராவின் கணவருக்கு, 'இது எத்தனை நாளைக்கு ஓடும்' என்று சந்தேகம். சுனிதா வீட்டிலோ கல்யாணப் பேச்சு. கல்யாணத்துக்காக வேலையை விட்டுப் போகிறார். பிறகு திரும்பி வருகிறார். அப்பாடா என்று இருந்தது எனக்கு!

படம் வந்த சமயத்திலேயே அவர்கள் வீடியோக்கள் பத்துக் கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தன. வெறும் செய்தி மட்டுமல்ல. அரசியல் விமர்சனமும் உண்டு. 'கவிதா ஷோ' என்று ஒன்று. மீரா தேவி நடத்துவது 'ராஜ்நீதி, ரஸ், ராய்', அதாவது அரசியல், ரசம், அபிப்பிராயம்!

என் இந்தி, தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் பார்த்துக் கற்றுக்கொண்ட இந்தி. அந்த அரைகுறை இந்திக்கே இவர்கள் வீடியோ பாதிக்கு மேல் புரிகிறது. ஏனென்றால் பேசுகிற விஷயம் அப்படி. கை பம்பில் தண்ணீர் வரவில்லை, ரேஷன் சரியாகக் கிடைக்கவில்லை, ரோடு போட்டதாகக் கணக்கு இருக்கிறது, ரோட்டைக் காணோம். எம்.எல்.ஏ. என்ன செய்தார்? பஞ்சாயத்துத் தலைவி பெயரில் அவள் புருஷன் ஏன் கையெழுத்துப் போடுகிறான்? இதுவும் அரசியல்தானே! நம் குழாயடி அரசியல்!

மாமியார் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் ஒரு நாள் கூடத்து டி.வி.யில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, ஏதோ ஓர் ஊரில் நடந்த கலவரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். யார் தூண்டியது, எதற்காகத் தூண்டியது, அடுத்தது என்ன நடக்கும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. என் மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி, "ஏம்மா, இந்தப் பிள்ளை அந்த ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வந்தாராமா?" என்றார்.

"இல்லீங்க அத்தை, பேப்பர்ல படிச்சதை வெச்சுச் சொல்றார்."

"அப்படியா? பாத்தவங்க மாதிரியே பேசறாரே!"

நான் சொல்ல வந்த வழி இதுதான். எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: இவர் நடந்து போய்ப் பார்த்தவரா, நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவரா?

நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது தப்பில்லை. சட்டம் படித்தவர் சட்டத்தை விளக்கலாம். கணக்குத் தெரிந்தவர் பட்ஜெட்டை விளக்கலாம். ஆனால் அவர்களுக்கும் ஆதாரம் வேண்டும். எந்த அறிக்கை, எந்தத் தீர்ப்பு, எந்தத் தேதி என்று சொல்லவேண்டும். மீரா தேவி அபிப்பிராயம் சொல்கிறார் என்றால், அதற்கு முன்னால் அவர் நடந்த நடை இருக்கிறது. நடையும் இல்லாமல், ஆதாரமும் காட்டாமல், குரலை மட்டும் உயர்த்தினால்? அது வெறும் திண்ணைப் பேச்சு. திண்ணையில் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். இங்கே நாலு லட்சம் பேர் கேட்கிறார்கள். அதுதான் ஆபத்து.

நம் ஊரிலேயே நடந்தது

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. 2023 மார்ச் மாதம் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. ஆல்ட் நியூஸ் போன்ற சரிபார்ப்போர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். வேறு மாநிலத்துச் சம்பவங்கள், சம்பந்தமே இல்லாத சண்டைகள்! அதில் ஒரு வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் ஆட்களுக்குக் கட்டுப் போட்டு நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீசே அறிவித்தது.

பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து திருப்பூர், கோவை எல்லாம் சுற்றிப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டி வந்தது. நம் போலீஸ் இந்தியில் அறிவிப்புக் கொடுக்கவேண்டி வந்தது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் அங்கே தூங்காமல் இருந்திருப்பார்கள்! "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், உடனே வந்து சேரு" என்று போனில் அழுதிருப்பார்கள். அந்த வீடியோக்களைப் பரப்பினவர்களில் எத்தனை பேர் திருப்பூருக்கு ரயில் ஏறி வந்து பார்த்தார்கள்?

சத்தம் போட்டால் காசு

'ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?' என்று கேட்பீர்கள். இதில் வியாபாரம் இருக்கிறது.

யூடியூபில் விளம்பரப் பணம் பங்கு கிடைக்க, ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், நீள வீடியோ என்றால் ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும். அந்த வாசலைத் தாண்டிவிட்டால் நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 55 பங்கு சேனல்காரருக்கு, மீதி கம்பெனிக்கு. 2012 முதல், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்குக் கம்பெனி அதிக மதிப்புக் கொடுக்கிறது. அதனால்தான் 'கடைசியில் ஒரு அதிர்ச்சித் தகவல்' என்று நம்மை இழுத்துப் பிடித்து வைக்கிறார்கள். 'பதறிய தலைவர்!', 'அலறிய கட்சி!' என்று சிவப்பு எழுத்தில் முகப்புப் படம் போடுகிறார்கள். திறந்து பார்த்தால் யாரும் பதறியும் இருக்கமாட்டார்கள், அலறியும் இருக்கமாட்டார்கள்!

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். வன்முறை, பலாத்காரம், கலவரம் மாதிரி விஷயங்கள் வரும் வீடியோக்களுக்கு விளம்பரம் குறைத்துவிடுவதுண்டு. விளம்பரக் கம்பெனிகளுக்கு அது பிடிக்காது. ஆக, கஷ்டப்பட்டு மூன்று கிராமம் அலைந்து ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்தை எடுத்து வருகிறவளுக்குக் காசு குறையலாம். வீட்டிலிருந்தபடி அரட்டை அடிக்கிறவருக்கு அதிகம்! கேட்பானேன், எது பெருகும்?

அவர்களுக்கு உள்ள தொல்லைகள்

பணத்தோடு முடிந்துவிடவில்லை. கபர் லஹரியா பெண்களுக்கு 2015-ல் ஓர் ஆள் மாதக்கணக்கில் விடாமல் போன் செய்து ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுத்தான். போலீசுக்குப் போயும் வேலை நடக்கவில்லை. கடைசியில் நடந்ததை அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். அதற்கப்புறம்தான் ஆள் பிடிபட்டான். பொறுத்துக்கொண்டு போனை மாற்றிவிட்டிருந்தால்? அவன் அடுத்த பெண்ணைத் தேடிப் போயிருப்பான்.

சர்க்கார் பக்கமிருந்தும் கத்தி தொங்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக ஒரு சேனலையே முடக்கலாம். அந்த உத்தரவை ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் லக்னோவிலிருந்து வரும் '4பிஎம்' என்கிற செய்திச் சேனல் இப்படி முடக்கப்பட்டது. அதன் ஆசிரியர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். மே மாதம் தடை நீங்கியது. பொய் பரப்புகிறவரைத் தடுக்கச் சட்டம் வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் வாயைக் கட்டினால், பொய் சொன்னவரையும் மெய் சொன்னவரையும் நாம் எப்படிப் பிரித்தறிவது?

இந்தப் பெண்களிடம் நான் மிகவும் மெச்சிக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. அவர்களைப் பற்றிய படம் ஆஸ்கார் வரை போனதே, உலகமே கொண்டாடுகிற அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2022 மார்ச்சில் ஓர் அறிக்கை விட்டார்கள். 'படம் மனதைத் தொடுகிறது. ஆனால் நாங்கள் ஏதோ ஒரே கட்சியைப் பற்றியே எழுதுகிறவர்கள் மாதிரி காட்டியிருக்கிறது, அது சரியில்லை' என்கிற கருத்தில். தம்மைப் புகழ்ந்தாலும் பிசகைப் பிசகு என்று சொல்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

நாலு கத்தரிக்காய் வாங்கினால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். காதுக்குள் போகிற விஷயத்தைப் பார்க்காமல் வாங்கலாமா?

1. வீடியோ முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். நேரில் போய்ப் பார்த்தாரா? ஆதாரம் காட்டினாரா? குற்றம் சாட்டப்பட்டவர் பதிலையும் கேட்டாரா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் உறவினர் குழுவுக்குக் கண்டிப்பாக வேண்டாம்!

2. ஒரு விஷயம் ரொம்பவும் கோபமூட்டுகிறதா? அன்றைக்கு அதைப் பற்றிப் பேசாதீர்கள். மறுநாள் பேப்பரிலும் வருகிறதா என்று பாருங்கள்.

3. ஒரு மாதிரி வீடியோவைப் பார்த்தால் அதே மாதிரி அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அடுத்தது தானாக ஓடுகிற 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள். பிடிக்காத சேனலின் வீடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தினால், 'இந்தச் சேனலைக் காட்டாதே' என்று சொல்லலாம். பார்த்தவற்றின் பட்டியலை அழிக்கவும் வசதி உண்டு. பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள்.

4. படுக்கப் போகிறதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை மூடிவிடுங்கள். வெளிச்சமும் தூக்கத்தைக் கெடுக்கும், விவாதத்தின் சூடும் கெடுக்கும். வயதானவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ராத்திரி பத்து மணிக்கு நாட்டைத் திருத்தவேண்டாமே! காலையில் திருத்திக்கொள்ளலாம்.

5. வீட்டில் ஆளுக்கொரு போனில், ஆளுக்கொரு கட்சி கேட்கிறார்களா? வாரத்தில் ஒரு நாள், ஒரே வீடியோவை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் அவரவர் அபிப்பிராயம் சொல்லட்டும். மாமனார் ஒன்று சொல்வார், பிள்ளை ஒன்று சொல்வான். சொல்லட்டுமே! தனித்தனியாகக் கேட்டு உள்ளுக்குள் புழுங்குவதற்கு இது எவ்வளவோ மேல். நீங்களும் வாயைத் திறந்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். ரசம் பரிமாறுகிறவளுக்கும் ஓட்டு உண்டு.

6. அலைந்து திரிந்து செய்தி எடுக்கிற சேனல் ஒன்றையாவது தேடிப் பிடியுங்கள். உங்கள் ஜில்லாவிலேயே இருக்கலாம். ஏரியைப் பற்றியோ, சர்க்கார் ஆஸ்பத்திரியைப் பற்றியோ பேசிக்கொண்டு, நூறு பேர்கூடப் பார்க்காமல் கிடக்கலாம். அதை முழுசாகப் பாருங்கள். சந்தாதாரராகச் சேருங்கள். சந்தா கேட்டால், முடிந்ததைக் கொடுங்கள். மாதம் ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகாது.

சத்தம் போடுகிறவர்களை நாம் பார்க்கிற நேரமே அவர்களுக்குச் சம்பளம். அந்த நேரத்தில் கொஞ்சத்தை, வெயிலில் நடந்து கேள்வி கேட்கிற பெண்ணுக்குத் திருப்பிவிட்டால், அவள் நாளைக்கும் நடப்பாள். நம் தெருக் குழாயில் தண்ணீர் வராத அன்றைக்கு, மைக்கை எடுத்துக்கொண்டு வருகிறவளும் அவள் மாதிரி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.